ஷவர் தட்டும் சுவர் டைல்ஸும் சேருமிடத்தில் மீண்டும் மீண்டும் விரிசல்

கேள்வி

எங்கள் குளியலறையில், நின்று குளிக்கும் அக்ரிலிக் ஷவர் தட்டின் விளிம்புக்கும் டைல்ஸின் அடிவரிசைக்கும் இடையில் சிமெண்ட் கிரவுட் (டைல்ஸ் இடுக்குகளை நிரப்பும் கலவை) நிரப்பப்பட்டிருந்தது. ஓராண்டுக்குள் அதில் மயிரிழை போல் விரிசல் விட்டு, பிறகு துண்டு துண்டாகப் பெயர்ந்துவிட்டது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய கிரவுட் நிரப்பினேன். இரண்டே மாதங்களில் அதே இடத்தில் மறுபடியும் விரிசல். இம்முறை சிலிக்கான் போட எண்ணுகிறேன். எஞ்சியிருக்கும் கிரவுட்டின் மேலேயே அதைப் பூசலாமா?

பதில் 1

பூச வேண்டாம். சுவர் நின்ற இடத்தில் நிற்கும். அக்ரிலிக் தட்டோ ஆள் ஏறி நிற்கும்போது சற்றுத் தாழ்ந்து, இறங்கியதும் எழும், வெந்நீர் பட்டால் விரியவும் செய்யும். இந்த அசைவுக்கு இறுகிப்போன சிமெண்ட் ஈடுகொடுக்காது என்பதால், எத்தனை முறை நிரப்பினாலும் விரிசல் வரத்தான் செய்யும். டைல்ஸ் பதித்த இரு பரப்புகள் மூலையாகச் சந்திக்கும் இடங்களிலும், டைல்ஸ் வேறொரு பொருளைத் தொடும் இடங்களிலும் சிலிக்கான் போன்ற நெகிழும் சீலண்டைத்தான் (இடுக்கை அடைக்கும் பசை) நிரப்ப வேண்டும்.

பழைய கிரவுட்டைத் துளியும் மிச்சமின்றி எடுங்கள். முன்பு யாரேனும் சிலிக்கான் போட்டிருந்தால் அதன் மெல்லிய படலத்தையும் சுரண்டிவிடுங்கள். இறுகிய பழைய சிலிக்கானின் மேல் புதியது ஒட்டாது. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இடுக்கு முழுமையாக உலரும்வரை ஷவரைப் பயன்படுத்தாதீர்கள். பெரும்பாலோர் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான்.

பதில் 2

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குளியலறைக்கென்று பூஞ்சைத் தடுப்புப் பொருள் கலந்து வரும் முழுமையான சிலிக்கானையே வாங்குங்கள். வண்ணம் பூசுவதற்கு ஏற்ற அக்ரிலிக் நிரப்பிகள் ஈரம் தேங்கும் இடத்தில் நிலைக்காது. சுவரில் இருப்பது பளிங்கு போன்ற இயற்கைக் கல்லாக இருந்தால், வினிகர் வாடை வீசும் வகையைத் தவிர்த்து நியூட்ரல் வகையைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் இறுகும்போது முன்னது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் அத்தகைய கல்லை அரிக்கும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. கிரவுட்டை முழுவதும் எடுத்துவிட்டேன். இடைவெளி பெரும்பாலும் 3 மி.மீ. இருக்கிறது, ஆனால் ஒரு மூலையில் 8 மி.மீ. வரை அகன்றும் ஆழமாகவும் உள்ளது. அங்கு சிலிக்கானை அடைத்துவிட்டால் போதுமா?

பதில் 1

ஆழம் முழுவதையும் சிலிக்கானால் அடைத்தால் அது உள்ளே எளிதில் இறுகாது. டைல்ஸ், தட்டு, பின்புறம் என்று மூன்று பக்கமும் பிடித்துக்கொள்வதால் இழுபடவும் முடியாமல் கிழியும். இடைவெளியைவிடச் சற்றே தடிமனான நுரைக் கயிற்றை முதலில் உள்ளே அழுத்திவிட்டு, அதன் மேல் சிலிக்கானைப் போடுங்கள். அப்போது மேலே டைல்ஸிலும் கீழே தட்டிலும் மட்டுமே ஒட்டி, நடுப்பகுதி ரப்பர் போல நீண்டு சுருங்கும்.

போடும்போது தட்டின் மேல் ஆள் நிற்கும் அளவுக்குப் பாரம் வைத்து, இறுகும்வரை எடுக்காமல் விட்டால், இடைவெளி மிக விரிந்த நிலையிலேயே சிலிக்கான் படியும். இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரே இழுப்பில் வழித்து, மேற்பரப்பில் தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள். குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. அந்த அகன்ற மூலைக்கு இரண்டு நாள் கொடுங்கள்.

பதில் 3

கிரவுட்டை எடுத்தபோது பின்புறச் சுவர் ஈரமாகவோ உதிரும் நிலையிலோ இருந்ததா என்று தயவுசெய்து பாருங்கள். தண்ணீரை உண்மையில் தடுக்க வேண்டியது டைல்ஸுக்குப் பின்னுள்ள நீர்த்தடுப்புப் பூச்சும், அதற்குள் ஏறி நிற்க வேண்டிய தட்டின் விளிம்பும்தான். அவை பழுதாகியிருந்தால், வெளியே எவ்வளவு நேர்த்தியாகச் சிலிக்கான் போட்டாலும் ஈரம் உள்ளே சிறைப்பட்டுச் சுவரை மெல்ல மெல்லக் கெடுத்துவிடும்.