வளவு வீடு குழு: சைகோன் போய் வந்த சாவி

வியாழன், காலை 5.48

மெய்யப்பன்: அண்ணன் இறங்கியாச்சா? ஞாயிறு முன்னோர் படைப்பு. இரண்டாம் கட்டு அறைச் சாவி யாரிடம்?

சிகப்பி: என்னிடம் இல்லை

அருண்: என்னிடமும் இல்லை சித்தப்பா

தெய்வானை: எங்கள் அப்பச்சி கையில்தானே கொடுத்தீர்கள் சித்தப்பா?

மெய்யப்பன்: அதனால்தான் கேட்கிறேன்

சொக்கலிங்கம்: அனைவருக்கும் காலை வணக்கம். முருகன் அருளால் நானும் உமையாளும் நேற்று நள்ளிரவு திருச்சியில் நலமாக வந்து இறங்கினோம். வியட்நாமில் மொத்தம் 11 நாள். ஹனோய், ஹா லாங், தா நாங், கடைசியாக சைகோன். 1976-இல் ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் அங்கே உள்ளவர்களே இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். விரிவாக எழுதுகிறேன்.

மெய்யப்பன்: சாவி

சொக்கலிங்கம்: அதற்குத்தான் வருகிறேன். கிளம்பும் அவசரத்தில் சாவி கைப்பையிலேயே தங்கிவிட்டது. போகும்போது விமான நிலையத்தில் சோதனை செய்த பெண் அதை வெளியே எடுக்கச் சொன்னார். ஒரு சாண் இரும்பு அல்லவா. வீட்டுச் சாவி என்றேன். வீடா கோட்டையா என்று கேட்டார். ஹனோயிலும் எடுத்துக் காட்டினேன். சைகோனிலும் காட்டினேன்.

அருண்: 😂😂

சிகப்பி: சாவிக்கும் விசா எடுத்தீர்களா அண்ணே

மெய்யப்பன்: படைப்புப் பெட்டி உள்ளே. பித்தளைச் சாமான் முழுக்க உள்ளே. நாளை துலக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

சுப்பு: அதெல்லாம் இருக்கட்டும். சைகோனில் ஐயா வைத்திருந்த கடை என்ன ஆயிற்று?

சொக்கலிங்கம்: பேரேட்டில் ஓயர் தெரு என்று இருந்தது அல்லவா. இரண்டு நாள் தேடினேன். ஓட்டலில் கேட்டேன், டாக்சியில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. அது பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். ஓயே என்று சொல்ல வேண்டுமாம், நம் ஆட்கள் ஓயர் ஆக்கிவிட்டார்கள். இப்போது டோன் தாட் தியெப் தெரு. 68 மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறதே, பிடெக்ஸ்கோ, அதற்குப் பக்கம்தான். நம்மவர் கடையும் தங்குமிடமுமாக வைத்திருந்த கிட்டங்கிகள் அந்த வட்டாரத்தில்தான் இருந்தன. தண்டாயுதபாணி கோயில் இன்றும் அதே தெருவில்

உமையாள்: கண்டுபிடித்தது நான்

சிகப்பி: அப்படிப் போடுங்கள் அண்ணமிண்டி

உமையாள்: கடையைத் தேடாதீர்கள், கோயிலைத் தேடுங்கள் என்றேன். செட்டியார் கடை போட்ட இடத்தில் முருகனை வைக்காமல் இருப்பார்களா? அதற்கு இரண்டு நாள் வெயிலில் நடக்கவைத்தார்.

சுப்பு: சரி, நம் கட்டடம்?

சொக்கலிங்கம்: கதவு எண் எல்லாம் மாறிவிட்டது. ஒன்றில் கைப்பேசி உறை விற்கிறார்கள். மூலையில் ஒரு காபிக் கடை. எது நம்முடையது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

சுப்பு: காபிக் கடைதான். எங்கள் அப்பச்சி மூலைக் கட்டடம் என்றுதான் சொல்வார்.

மெய்யப்பன்: உங்கள் அப்பச்சி சொன்னதை மதுரை வீட்டை விற்றபோதும் கேட்டோம்

சிகப்பி: விடிந்ததும் ஆரம்பிக்காதீர்கள்

சுப்பு: நான் ஒன்றும் ஆரம்பிக்கவில்லை. 1975-இல் அங்கே ஆட்சி மாறியபோது போனது எல்லோருக்கும் போனது. அதற்கு முன்னால் ஊருக்கு வந்த பணம்தான் கேள்வி.

*மெய்யப்பன் இந்தச் செய்தியை நீக்கினார்*

அருண்: நான் படித்துவிட்டேன் சித்தப்பா

தெய்வானை: ஆத்தா, சாப்பாடு எப்படி?

உமையாள்: எல்லாவற்றிலும் மீன் சாறு. கீரையில்கூட. சைவக் கடைக்கு அங்கே சாய் என்று பெயர். உன் அப்பச்சி பலகையைப் படித்துவிட்டு உள்ளே போய் இரண்டு டீ கேட்டார்.

அருண்: 😂😂😂

சொக்கலிங்கம்: எழுத்து அப்படி இருந்தது.

உமையாள்: நோட்டுக் கதையைச் சொல்லுங்கள்

சொக்கலிங்கம்: அது தேவையில்லை.

உமையாள்: 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம். இளநீர்க்காரரிடம் பெரியதை நீட்டிவிட்டு வந்துவிட்டார். ஒரு ரூபாய்க்கு 300 டாங் வரும், நீங்களே கணக்குப் போடுங்கள். வங்கியில் 34 வருடம் நோட்டு எண்ணியவர்.

மெய்யப்பன்: 1,600 ரூபாய்க்கு மேல். இளநீருக்கு.

சிகப்பி: வழுக்கையாவது இருந்ததா

சொக்கலிங்கம்: மீ சோன் பற்றி எழுதாமல் விட்டேன். தா நாங்கிலிருந்து காரில் போனோம். அந்தப் பகுதியை முன்பு ஆண்ட சம்பா மன்னர்கள் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள். 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பலவும் இடிந்தன. நம் தொல்லியல் துறையினர் அங்கே பழுதுபார்க்கும்போது 2020-இல் மண்ணுக்குள் ஒரே கல்லால் ஆன லிங்கம் கிடைத்தது. 46 படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

அருண்: 👍

சிகப்பி: மூட்டு வலிக்குத் தைலம் கேட்டேனே

உமையாள்: பச்சைத் தைலம் 12 பாட்டில் இருக்கிறது

சிகப்பி: அப்பத்தா வைத்திருந்த கோடாலித் தைலம் மாதிரியா?

உமையாள்: அதைவிடக் காரம். கண்ணுக்கருகில் கொண்டுபோகாதே.

சுப்பு: எங்களுக்கும் உண்டா

உமையாள்: உனக்கு இரண்டு. கணக்கு எழுதிவை.

தெய்வானை: ஆத்தா, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கும் படம் ஒன்று அனுப்புங்கள்

உமையாள்: இல்லை. நான் எடுத்த படத்தில் அவர். அவர் எடுத்த படத்தில் கட்டடம்.

தெய்வானை: 11 நாளில் ஒன்றுகூட இல்லையா!

உமையாள்: ஹா லாங்கில் படகுக்காரப் பையன் ஒன்று எடுத்தான். கடலுக்குள் எங்கே பார்த்தாலும் குன்றுக்குன்றாகச் சுண்ணாம்புப் பாறை. அதில் என் தலை பாதி இல்லை.

தெய்வானை: 😔 பிடித்ததா இல்லையா ஆத்தா?

உமையாள்: காபி பிடித்தது. டம்ளர் மேல் சின்ன வடிகட்டியை வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கி, அடியில் இருக்கும் டின் பாலில் விழ வேண்டும். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தினமும் உட்கார்ந்தோம். கல்யாணமாகி 41 வருடத்தில் உன் அப்பச்சி காபிக்குக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. கடையைத் தேடி அலைந்ததை எல்லாம் அங்கேதான் சொன்னார். ஐயா கடிதத்தில் எழுதியதை எல்லாம் சொன்னார். எனக்கு அதில் பாதி தெரியாது.

சிகப்பி: ஐயா கடிதமா? எங்கே இருக்கிறது?

சொக்கலிங்கம்: இரண்டாம் கட்டு அறையில்.

சுப்பு: அந்த அறையிலா? பேரேடும் அங்கேதானே? சாவி வந்ததும் எனக்கு எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எல்லாப் பக்கமும்.

மெய்யப்பன்: படைப்பு முடியட்டும்

சுப்பு: போன வருடமும் இதையே சொன்னீர்கள்

சிகப்பி: சைகோன் மாரியம்மன் கோயில் போனீர்களா அண்ணமிண்டி? பெரியாச்சி சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

உமையாள்: போனோம். கும்பிட வருபவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்கள்தான். கருவறைக்குப் பின்னால் சுவரில் கையையும் நெற்றியையும் வைத்துக் கிசுகிசுவென்று சொல்கிறார்கள். என்ன பாஷையோ, அம்மனுக்குப் புரிகிறது. நானும் வைத்தேன்.

தெய்வானை: என்ன வேண்டிக்கொண்டீர்கள்?

உமையாள்: அருணுக்குப் பெண்

அருண்: பெரியாத்தா வேண்டாம்

சிகப்பி: தேவகோட்டையில் ஒரு இடம் இருக்கிறது. தனியாக அழைக்கிறேன்.

மெய்யப்பன்: சாவியை யார் கொண்டுவருவது? நான் திருச்சி வர முடியாது, பந்தல்காரர் வருகிறார்.

சொக்கலிங்கம்: எனக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் முன்னால்தான் ஓடுகிறது. நேற்று இரவு தூக்கமே இல்லை. நாளை பார்க்கலாம்.

அருண்: நான் சனிக்கிழமைதான் சென்னையிலிருந்து கிளம்புவேன். வழியில் வாங்கி வரலாம்.

மெய்யப்பன்: சனி என்றால் துலக்குவது எப்போது?

சிகப்பி: பூட்டை உடைத்தால்?

சொக்கலிங்கம்: உடைக்கக் கூடாது. ஐயா பூட்டு.

சுப்பு: உடைப்பதென்றால் நானும் கூட இருக்க வேண்டும்

மெய்யப்பன்: அண்ணே, சாவியை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பார்த்தால் நிம்மதியாக இருக்கும்.

சொக்கலிங்கம்: உமையா, கைப்பை எங்கே?

உமையாள்: பக்கத்து அறையில் இருந்துகொண்டு இங்கே ஏன் கேட்கிறீர்கள்