மூன்று ஐலா மால்ட் விஸ்கி, எந்த வரிசையில் சுவைப்பது?

வணக்கம் நண்பர்களே. வரும் சனிக்கிழமை ஸ்காட்லாந்தின் ஐலா தீவு சிங்கிள் மால்ட் (ஒரே வடிப்பாலையில் செய்த மால்ட் விஸ்கி) மூன்றை ஒப்பிட்டுச் சுவைக்கப் போகிறோம்: லஃப்ரோய்க் 10, லாகவூலின் 16, ஆர்ட்பெக் 10 (எண்கள் முதிர்ந்த ஆண்டுகள்). மூன்று வடிப்பாலைகளும் போர்ட் எலன் ஊருக்குக் கிழக்கே ஒரே சாலையில் அடுத்தடுத்து இருப்பவை. மூன்றிலுமே பீட் (மால்ட்டை உலர்த்த எரிக்கும் மட்கிய சதுப்பு மண்) புகை தூக்கல்.

போன வாரம் தனியாக முயன்றபோது ஆர்ட்பெக்கில் தொடங்கிவிட்டேன். அது 46 சதவீத ஆல்கஹால். அடுத்து எடுத்த லாகவூலின் 43தான். அதன் உலர்பழ இனிப்பு நாக்கில் ஏறவே இல்லை, வெறும் கரி வாசனை. ஆனால் காலையில் கழுவாத கிளாஸ்களை முகர்ந்தால் கதையே வேறு! லஃப்ரோய்க்கில் மருந்துக்கடை அயோடின் நெடி, லாகவூலினில் உலர்திராட்சையும் ஆறிய அடுப்புச் சாம்பலும். அந்த வித்தியாசத்தைக் குடிக்கும்போதே பிடிக்க வேண்டும் என்று ரொம்ப ஆசை.

என்னிடம் உள்ள லஃப்ரோய்க் 40 சதவீதம். அதிலிருந்து தொடங்கினால் சரியாக வருமா? அல்லது புகையில்லாத புன்னஹாவென் 12 ஒன்றை முதலில் வைக்கலாமா? அது 46.3 என்பதால்தான் தயக்கம். அப்புறம் தண்ணீர்: சில சொட்டு போதுமா, மூன்றையும் ஒரே அளவு வீரியத்துக்குக் கொண்டுவர வேண்டுமா? இடையில் வாயைத் தெளியவைக்க வெறும் ரொட்டி போதுமா?

தலைக்கு 15 மில்லிதான் ஊற்றப் போகிறோம். சுவைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.