மூடிய கிரெடிட் கார்டுக்கு நான்கு வருடம் கழித்துப் பாக்கி கேட்கிறார்கள். எப்படி மறுப்பது?

வெண்பனி:

வணக்கம். பத்து நாளாகச் சரியான தூக்கம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு வங்கியின் கிரெடிட் கார்டை மூடினேன். நிலுவை முழுவதையும் கட்டிய பிறகுதான் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். மூடியாகிவிட்டது என்று சொல்லி ஒரு கோரிக்கை எண் கொடுத்தார்கள். அதை டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன், டைரி இன்னும் இருக்கிறது. அப்புறம் வீடு மாறினோம், பழைய மின்னஞ்சலையும் விட்டுவிட்டேன். அந்தக் கார்டை மறந்தே போனேன்.

இப்போது ஒரு வசூல் நிறுவனத்திலிருந்து தினமும் போன். கார்டோடு சேர்த்து எப்போதோ எடுத்த 'கார்டு பாதுகாப்புத் திட்டம்' (கார்டு தொலைந்தால் உதவும் சந்தாச் சேவை), கார்டை மூடிய இரண்டாம் மாதம் தானாகப் புதுப்பிக்கப்பட்டதாம். அந்த ஒரு சந்தாவின் மேல் வட்டி, தாமதக் கட்டணம் எல்லாம் ஏறி, இன்று சந்தாவைப் போல் பதினோரு மடங்கு கேட்கிறார்கள். மூன்றாம் நாள் என் அலுவலக எண்ணுக்கே கூப்பிட்டு, போனை எடுத்த சக ஊழியரிடம் "கடன் பாக்கி விஷயமாகப் பேச வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். அன்று முழுவதும் என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

நேற்று பேசியவர் நயமாகப் பேசினார். "சாயங்காலம் 5 மணிக்குள் ஒரு சின்னத் தொகை கட்டுங்கள், மீதியைத் தள்ளுபடி செய்யப் பேசலாம்" என்றார். என் கணவரும் கட்டித் தொலைத்துவிடலாம் என்கிறார். வாங்காத கடனுக்கு ஏன் கட்ட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கட்டினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா?

---

தென்னங்கீற்று:

உங்கள் நிலைமை புரிகிறது. ஆனால் என் யோசனை, பேரம் பேசிக் குறைத்துக் கட்டிவிடுங்கள். மன நிம்மதிக்கு விலை இல்லை. கிரெடிட் ஸ்கோர் கெட்டுப்போனால் நாளை வீட்டுக் கடன் கிடைக்காது.

---

ஓடக்கரை:

தென்னங்கீற்று சொல்வது நல்லெண்ணத்தில்தான், ஆனால் இந்த விஷயத்தில் அது தவறான யோசனை. சகோதரி, இன்று ஒரு பைசாகூடக் கட்டாதீர்கள். ஆறு வருடம் ஒரு வங்கியின் வசூல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அந்த 5 மணி எதற்கு என்று எனக்குத் தெரியும். அது உங்கள் கடனின் கெடு அல்ல, பேசுகிறவரின் அன்றைய கணக்கு முடியும் நேரம். மறுநாள் காலையில் அதே சலுகை மறுபடியும் இருக்கும்.

அந்தச் சின்னத் தொகைக்கும் காரணம் உண்டு. பழைய கடனுக்காக வழக்குப் போட ஒரு காலவரம்பு இருக்கிறது. இந்தியாவில் 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட கடனுக்கு 3 ஆண்டு. இங்கிலாந்தில் 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி 6 ஆண்டு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அந்தக் காலம் முடிவதற்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ பல இடங்களில் அந்தக் காலக் கணக்கு முதல் நாளிலிருந்து மறுபடியும் ஓடத் தொடங்கும். உங்களிடம் ஒரு சிறு தொகை வாங்கிவிட்டால் சாகக் கிடக்கிற கோப்புக்கு உயிர் வந்துவிடும்.

பதினோரு மடங்கு எப்படி வந்தது என்று யோசித்திருப்பீர்கள். மாதம் 3.5 சதவீத வட்டி என்று வையுங்கள். கார்டு உலகில் இது சாதாரணம். 100 என்றிருந்தது ஒரு வருடத்தில் 151 ஆகும், மூன்று வருடத்தில் 345, நான்கு வருடத்தில் 520க்கு மேல். இது வட்டி மட்டும். மாதாமாதம் தாமதக் கட்டணம் சேர்ந்து, அதற்கும் வட்டி ஓடினால் பதினோரு மடங்கு வருவதில் ஆச்சரியம் இல்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த முதல் சந்தா தவறு என்று நிலைநாட்டினால் அதன் மேல் கட்டிய அத்தனை மாடியும் விழுந்துவிடும். அதனால் வட்டியைக் குறையுங்கள் என்று கெஞ்சாதீர்கள். சந்தாவே தவறு என்பதில் நில்லுங்கள்.

உங்களிடம் பேசுகிறவர் கையில் என்ன இருக்கிறது தெரியுமா? பெரும்பாலும் எக்செல் தாளில் ஒரு வரி. பெயர், போன் எண், கார்டின் கடைசி நான்கு எண்கள், மொத்தத் தொகை. எங்கள் திரையில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கட்டமே கிடையாது. வாடிக்கையாளர் மறுத்தார் என்று குறிக்க ஒரு பொத்தான் இருந்தது, அதை அழுத்தினால் அந்தக் கோப்பு எங்கள் அன்றைய கணக்கிலிருந்து போய்விடும். அதனால் யாரும் அழுத்த மாட்டோம். அதில் எனக்கும் பங்கு உண்டு, இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஆகவே போனில் வாதாடிப் பயனில்லை, எழுத்தில் மறுக்க வேண்டும். வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒன்று, வசூல் நிறுவனத்துக்கு ஒன்று, இரண்டும் ஒப்புகையோடு கூடிய பதிவுத் தபாலில். 'இந்தக் கடனை நான் ஒப்புக்கொள்ளவில்லை' என்பது முதல் வரியாக இருக்கட்டும். கார்டை மூடிய தேதி, அந்தக் கோரிக்கை எண், நிலுவை பூஜ்யமாக இருந்த கடைசி ஸ்டேட்மென்ட், இவற்றைச் சொல்லுங்கள். பிறகு, அந்தப் பூஜ்யத்திலிருந்து இன்று வரைக்கும் மாதவாரியான ஸ்டேட்மென்ட், சந்தாவைப் புதுப்பிக்க நீங்கள் சம்மதித்ததற்கான ஆவணம், வசூலிக்க அந்த நிறுவனத்துக்கு வங்கி கொடுத்த அதிகாரக் கடிதம், மூன்றையும் கேளுங்கள். வங்கி கடனையே அந்த நிறுவனத்துக்கு விற்றுவிட்டது என்றால், விற்றதற்கான காகிதத்தையும் கேளுங்கள். புதிய முகவரி, வேலை விவரம், வங்கிக் கணக்கு எண் எதையும் கடிதத்தில் தேவைக்கு மேல் எழுதாதீர்கள். அழுததையும் தூக்கம் போனதையும் எழுத வேண்டாம், ஒரு பக்கம் போதும்.

எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை. இந்தியா என்றால், பில்லை வாடிக்கையாளர் மறுத்தால் 30 நாளுக்குள் விளக்கமும் தேவையான ஆவணமும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் சொல்கின்றன. பதில் வரவில்லை அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி) போகலாம், கட்டணம் இல்லை. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடவும் கூடாது. அமெரிக்கா என்றால், வசூல் நிறுவனத்தின் முதல் அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் மறுத்தால், கடனைச் சரிபார்த்து ஆவணம் அனுப்பும்வரை அவர்கள் வசூலை நிறுத்த வேண்டும். 1977ஆம் ஆண்டுச் சட்டம் அது.

சக ஊழியரிடம் பேசியது பெரிய தவறு. அந்தத் தேதியையும் நேரத்தையும் கூப்பிட்ட எண்ணையும் தனியாகக் குறித்துவையுங்கள், அதுவே தனிப் புகார்.

---

கல்மண்டபம்:

ஓடக்கரை எழுதியதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். என் விஷயம் இவ்வளவு சுத்தம் இல்லை. பாக்கியில் ஏறக்குறைய பாதி நானே செலவழித்தது, மீதி நான் செய்யாத இரண்டு பரிவர்த்தனைகளும் அவற்றின் வட்டியும். முதல் எட்டு மாதம் எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நகரவில்லை, நான் ஏமாற்றுகிறேன் என்றே நினைத்தார்கள். பிறகு என்னுடைய பகுதி இது, என்னுடையது அல்லாதது இது என்று வரி வரியாகப் பிரித்து எழுதி, என்னுடையதை நேராக வங்கியில் கட்டினேன். ஏஜெண்ட் கையில் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஐந்தே வாரத்தில் பதில் வந்தது.

இன்னொன்று. யார் செட்டில்மென்ட் (குறைத்துக் கட்டி முடித்துக்கொள்வது) என்று சொன்னாலும், தொகையும் 'இதற்கு மேல் பாக்கி இல்லை' என்ற வரியும் வங்கியின் தாளில் வந்த பிறகே பணம். கிரெடிட் அறிக்கையில் 'செட்டில்டு' (குறைத்துக் கட்டி முடித்தது) என்று விழுவதும் 'குளோஸ்டு' (பாக்கியில்லாமல் மூடியது) என்று விழுவதும் ஒன்றல்ல. முதலாவது பல வருடம் கூடவே வரும். கட்டினால் ஸ்கோர் காப்பாற்றப்படும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

---

வெண்பனி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு பழைய பெட்டியைக் கிளறியதில் நிலுவை பூஜ்யம் என்று காட்டும் ஸ்டேட்மென்ட் கிடைத்தது. கை நடுங்கியது. இன்று மதியம் இரண்டு கடிதங்களையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். என் கணவரே படித்துப் பார்த்து இரண்டு வரியை நீக்கினார்.

ஓடக்கரை சார், நாளை அவர்கள் கூப்பிட்டால் எடுக்கலாமா? எடுத்தால் என்ன சொல்வது? நீதிமன்ற நோட்டீஸ் அனுப்புவோம் என்றும் மிரட்டுகிறார்கள்.

---

ஓடக்கரை:

ஒரே ஒரு முறை எடுங்கள். பெயரையும் நிறுவனத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, "இந்தக் கடனை எழுத்தில் மறுத்திருக்கிறேன், பதிலையும் எழுத்தில் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள். "ஆமாம், என் கார்டுதான், கஷ்டத்தில் இருக்கிறேன்" என்பது போன்ற பேச்சு வேண்டாம். வாட்ஸ்அப்பில் அதுபோல ஒரு வரிகூட அனுப்ப வேண்டாம், அதுவும் எழுத்துதான்.

போனில் சொல்லும் நோட்டீஸைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வழக்கறிஞர் பெயரில் வரும் கடிதமும் தீர்ப்பு அல்ல, அதற்கு உங்கள் மறுப்புக் கடிதத்தின் நகலை அனுப்பினால் போதும். ஆனால் உண்மையான நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. காலவரம்பு தாண்டிய கடனாக இருந்தாலும் நீங்கள் போய் அதைச் சொல்ல வேண்டும். போகாவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடலாம். அந்த டைரியையும் ஸ்டேட்மென்ட்டையும் இன்றே படம் எடுத்து இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தபால் ஒப்புகை அட்டை திரும்பி வந்ததும் இங்கே எழுதுங்கள், அடுத்து வங்கி என்ன பதில் சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.