பழுதறி கருவியா, குறியெண் படிப்பானா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நம் வாகனக் கலைச்சொல் பட்டியலுக்காக, வண்டியின் கணினியோடு இணைத்துப் பார்க்கும் ஸ்கேனருக்கு நண்பர் முன்மொழிந்திருக்கும் 'பழுதறி கருவி' சுருக்கமானது. வினைத்தொகையாக அமைந்திருப்பதால் இலக்கணத்திலும் குறை சொல்ல முடியாது. ஆயினும் அக்கருவி பழுதை அறிவதில்லை என்பதே என் தடை. என்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி உணரிகள் (சென்சார்கள்) தரும் அளவுகளை இடைவிடாமல் சரிபார்த்து, வரம்பு மீறியதை ஐந்து இடங்கள் கொண்ட ஒரு குறியாகச் சேமித்து வைக்கிறது. 16 முனை இணைப்பானில் நாம் செருகும் கருவி அந்தக் குறியைப் படித்துக் காட்டுகிறது, அவ்வளவே. அமெரிக்காவில் 1996ஆம் மாதிரி ஆண்டு முதல் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி-2 (OBD-II) எனும், வண்டி தன்னைத் தானே கண்காணிக்கும் பொது முறையில், பொதுக் குறிகள் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றே என்பதால், இச்சொல்லை ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும்.

பி0171 (P0171) என்ற குறியை எடுத்துக்கொள்வோம். முதல் வரிசைச் சிலிண்டர்களில் எரிபொருளுக்கு ஏற்ற அளவைவிடக் காற்று மிகுந்திருக்கிறது என்பது அதன் பொருள். இதைத் தெரிவிப்பது புகைப்போக்கிக் குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரி. பழுதைக் கருவியே சொல்லிவிட்டதாக நம்புகிறவர்கள் முதலில் கழற்றி எறிவதும் அந்த உணரியைத்தான். உண்மைக் காரணம் கீறல் விட்ட வெற்றிடக் குழாயாகவோ (வேக்குவம் ஹோஸ்), அழுக்கேறிய காற்றோட்ட உணரியாகவோ, அழுத்தம் குறைந்த எரிபொருள் பம்ப்பாகவோ இருக்கலாம். அனுபவமுள்ள மெக்கானிக் அதே கருவியின் திரையில் எரிபொருள் திருத்த அளவை, அதாவது கலவையைச் சரிசெய்யக் கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை, பார்ப்பார். வண்டி ஐடிலில் நிற்கும்போது அது மிக உயர்ந்திருந்து, நிமிடத்திற்கு 2500 சுற்றுக்கு ஏற்றியதும் இறங்கினால், எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே கசிகிறது என்று ஊகித்து, ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்ப்பார். நேராக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல் வளைக்கும்போதுதான் வாய் திறக்கும். மாறாக, பளு ஏற ஏறத் திருத்த அளவும் ஏறினால் அவர் எரிபொருள் வரத்தைச் சந்தேகிப்பார். பழுதை அறிவது இந்த ஆய்வுதான். அதைச் செய்பவர் மனிதர்.

ஆகவே சேமிக்கப்படும் குறிக்குப் 'பழுதுக் குறியீடு' என்பதைவிட 'அறிகுறியெண்' பொருத்தம் என்று கருதுகிறேன். அறிகுறி வேறு, நோய் வேறு என்பதை மருத்துவ வழக்கால் எல்லோரும் அறிவர். 'குறியீடு' என்பதோ நிரலாக்கத்தில் ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பளு சுமக்கிறது. முதல் இடத்தில் எழுத்து வருகிறதே, எண் என்று சொல்லலாமா என்று கேட்கக்கூடும். வண்டிப் பதிவெண்ணிலும் எழுத்துகள் உண்டு, அதனை எவரும் மறுப்பதில்லை.

கருவியில் இரண்டு வகை உண்டு. படித்துக் காட்டவும் அழிக்கவும் மட்டுமே வல்ல எளிய வகையைக் 'குறியெண் படிப்பான்' எனலாம். விசிறியையும் எரிபொருள் பம்ப்பையும் கட்டளையிட்டு இயக்கிச் சோதிக்க உதவும் உயர்வகைக்குப் 'பழுதாய்வுக் கருவி' பொருந்தும். நண்பரின் சொல்லில் உள்ள நல்ல பாதி இதில் தங்கிவிடுகிறது. பணிமனைப் பேச்சில் ஸ்கேனர் என்பது அப்படியே இருக்கட்டும். நாம் சொல் தேடுவது கையேட்டுக்கும் பாடநூலுக்கும்தான்.

அறிகுறியெண் பதிவான நொடியில் என்ஜின் வேகம், குளிர்நீர் வெப்பநிலை, பளு முதலியவற்றைக் கணினி சேர்த்து வைப்பதற்கு 'உறைசட்டகம்' (freeze frame) என்ற சொல் பட்டியலில் உள்ளது. படிப்பவருக்கு அது எதையும் உணர்த்தவில்லை. 'கணப்பதிவு' என மாற்ற வேண்டுகிறேன். 'அழித்தல்' என்ற பதிவின் விளக்கத்திலும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: எண்ணை அழித்தால் கணப்பதிவும், கணினியின் தற்சோதனைகள் முடிந்தனவா என்ற நிலையும் சேர்ந்தே அழியும். எண்ணை அழித்து, முகப்பில் எரியும் என்ஜின் எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டுப் பணிமனைக்குப் போகிறவர், மெக்கானிக்குக் கிடைத்திருக்க வேண்டிய தடயத்தைத் தாமே துடைத்துவிடுகிறார்.

ஒருமுறை தோன்றி, அடுத்த ஓட்டத்தில் உறுதிப்படக் காத்திருக்கும் எண்ணுக்கு 'நிலுவை அறிகுறியெண்' என்று எழுதிப் பார்த்தேன். நிலுவை என்றாலே கட்ட வேண்டிய பாக்கி நினைவுக்கு வருவதால் 'உறுதியாகாத அறிகுறியெண்' என்பதையே விரும்புகிறேன். இதனினும் சுருக்கமான சொல் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.