காண்டின்ஸ்கியைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

தண்டையார்பேட்டையில் டியூஷன் எடுக்கிறேன், சனிக்கிழமை மட்டும் ஓவியம். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி 1913-ல் போட்ட, கட்டத்துக்குள் வட்டங்கள் இருக்கும் படத்தைப் போனில் காட்டினேன். ஒருத்தன் "மிஸ், இது என்ன படம்?" என்றான். எனக்கே பதில் வரவில்லை. எந்தப் பொருளையும் அப்படியே வரைந்து காட்டாத இந்த மாதிரி அரூப ஓவியத்தை எப்படிப் புரியவைப்பது?

காசிமேட்டுக்காரன்:
அக்கா, அது முழு ஓவியமே இல்லை, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் எப்படி நிற்கிறது என்று பார்க்க அவர் போட்ட பயிற்சி, அதனால் "என்ன படம்" என்பதையே விட்டுவிடுங்கள். மஞ்சளை எக்காளச் சத்தத்தோடு ஒப்பிட்ட ஆள் அவர். ஒரு கானா பாட்டைப் போட்டு, டோலக் அடி விழும்போது என்ன நிறம், என்ன கோடு என்று கேளுங்கள். நம்ம ஏரியா பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தரவா வேண்டும்!

வண்ணை வாசகி:
பாட்டெல்லாம் சரி, வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும். நான் கோலத்திலிருந்து தொடங்குவேன். சிக்குக் கோலத்தைப் பார்த்து யாராவது இது என்ன படம் என்று கேட்கிறார்களா? அப்புறம் நம்ம கே.சி.எஸ். பணிக்கரைக் காட்டுங்கள். மெட்ராஸ் ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தவர், 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியவர். படத்தில் எழுத்து மாதிரி கிறுக்கியிருப்பார், படிக்க வராது. பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

கேட்டவர்:
சார்ட் பேப்பரைப் 12 கட்டமாக மடித்துக் க்ரேயான் கொடுத்தேன். படம் என்னவென்று கேட்ட பையன் எல்லா வட்டத்தையும் கறுப்பாக அடித்துவிட்டு "லாரி டயர் மிஸ்" என்கிறான்.