ஹனிகிரிஸ்ப் ஆப்பிளின் பெற்றோர் எவை?

கொல்லைத்தோட்டம் (கேள்வி):
மினசோட்டாவில் வசிக்கும் நான், சென்ற வசந்த காலத்தில் ஹனிகிரிஸ்ப் ஒட்டுக்கன்று ஒன்றை வாங்கி வீட்டின் பின்புறம் நட்டேன். கன்றில் கட்டியிருந்த அட்டையில், இது மெக்கவுன், ஹனிகோல்ட் என்னும் இரு ரகங்களின் கலப்பு என்று அச்சிட்டிருந்தது. வேறோர் இடத்திலோ கீப்சேக் என்ற பெயரைப் பார்த்தேன். எது சரி? மேலும், கடையில் வாங்கிய பழத்தைச் சீவியபோது, காம்புக்கு எதிர்ப்பக்கத்தில் தோலை ஒட்டி மிளகளவில் பழுப்புப் புள்ளிகள் இருந்தன. அந்த இடம் கசந்தது. புழு எதுவும் இல்லை. இது இந்த ரகத்துக்கே உரிய குறையா?

விதைப்பெட்டி:
அட்டையில் இருப்பது பழைய கணக்கு. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1960இல் செய்த கலப்பைப் பற்றிய பதிவில் அவ்விரு பெயர்களே இருந்தன. 1991இல் ரகத்தை வெளியிட்டபோதும் அதையே சொன்னார்கள். பிற்பாடு மரபணுச் சோதனை செய்து பார்த்தால் இரண்டுமே பெற்றோர் அல்ல! கீப்சேக் ஒரு பெற்றோர் என்பது முதலில் உறுதியாயிற்று. எம்.என். 1627 என்று எண் மட்டுமே இடப்பட்டு, ரகமாக வெளியிடப்படாத ஒரு மரம்தான் மற்றொன்று என்பது 2017இல்தான் தெரியவந்தது. அதன் வழியே கோல்டன் டெலிஷியஸும், ரஷ்யாவிலிருந்து வந்த குளிர் தாங்கும் பழைய ரகமான டச்சஸ் ஆஃப் ஓல்டன்பர்கும் ஹனிகிரிஸ்புக்குப் பாட்டன் பாட்டி முறையாகின்றன. இத்தனைக்கும், குளிரில் அடிபட்டது என்று 1977இல் கழித்துவிடக் குறித்து வைத்திருந்த மரம் இது. டேவிட் பெட்ஃபோர்ட் என்னும் ஆய்வாளர் இன்னொரு வாய்ப்புக் கொடுத்ததால் பிழைத்தது.

பழுத்தகாலம்:
தாங்கள் கண்டது 'கசப்புக் குழி' எனப்படும் கோளாறு, நோயன்று. பழத்துக்குப் போதிய சுண்ணாம்புச் சத்து சேராமல் போவதே காரணம். ஹனிகிரிஸ்பில் இது மற்ற ரகங்களைவிட அதிகம். அதிலும், காய் குறைவாகப் பிடித்து ஒவ்வொன்றும் பெரிதாகத் திரளும் இளமரங்களில் கூடுதலாகவே வரும். எனவே தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். காய் பிடித்தபின் கால்சியம் கரைசலைச் சில முறை தெளிப்பது வழக்கம்.

இத்தனை தொல்லையிலும் இதை மக்கள் விடாததற்குக் காரணம் அந்தக் கடிதான். இதன் சதையிலுள்ள செல்கள் மற்ற ஆப்பிள்களுடையதைவிடப் பெரியவை. மாவாகிப்போன ஆப்பிளில் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடுவதால் சாறு உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். இதிலோ பல் பட்டதும் செல்லே உடைந்து சாறு வாயெல்லாம் பரவுகிறது. இனிப்போடு இலேசான புளிப்பும் உண்டு. தோல் மெல்லியது என்பதால், அடுத்த பழத்தைக் குத்தாதிருக்கப் பறிக்கும்போதே காம்பை ஒட்ட நறுக்கிவிடுவார்கள்.

கொல்லைத்தோட்டம்:
மிக்க நன்றி. ஒரு மரம் மட்டும் இருந்தால் காய்க்குமா? பறித்தவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

விதைப்பெட்டி:
தனிமரம் நம்பத்தக்கபடி காய்க்காது. அதே பருவத்தில் பூக்கும் வேறு ரகம் ஒன்று அருகில் வேண்டும், பக்கத்து வீட்டுக் காட்டு ஆப்பிள் மரமானாலும் போதும். பறித்த பழத்தை உடனே கடுங்குளிரில் வைத்தால் தோலில் பழுப்புப் பட்டைகள் விழும் என்பதால், பெரிய தோட்டங்களில் ஏறக்குறைய ஒரு வாரம் மிதமான வெப்பத்தில் ஆறவிட்ட பிறகே குளிர்க்கிடங்குக்கு அனுப்புகிறார்கள். தாங்களும் நிழலான இடத்தில் பரப்பி வைத்துவிட்டுப் பிறகு உள்ளே வையுங்கள்.