ஏர் ஷோவும் ராட்சத பலூனும் ஒரே மைதானத்தில்: யார் ஆரம்பித்தது?

உடுமலைக்காரன்:
2025 பொங்கலுக்குப் பொள்ளாச்சியில் பலூன் திருவிழா பார்த்துட்டு வந்ததிலிருந்து பையன் ஒரே நச்சரிப்பு, "இதோட ஜெட்டும் பறந்தா எப்படிப்பா இருக்கும்?"னு. அமெரிக்காவுல, மிச்சிகனில் பேட்டில் கிரீக்குங்கிற ஊரில் ரெண்டையும் சேர்த்தே நடத்துறாங்களாமே? ஜெட் சீறிட்டுப் போற வானத்துல பலூன் எப்படிங்க மிதக்கும்? இந்த யோசனை யாருக்கு வந்துச்சு?

வெட்டிப்பேச்சு:
கூட்டம் சேர்க்கத்தான், வேறென்ன. ஒரே பார்க்கிங் கட்டணம், ரெண்டு வேடிக்கை.

கலமசூ சித்தப்பா:
தம்பி வெட்டிப்பேச்சு சொன்னதுலயும் பாதி நிஜம் இருக்கு. நான் பேட்டில் கிரீக்கிலிருந்து அரை மணி நேரத் தூரத்துல குடியிருக்கேன். ஜூலை 4-ஐ ஒட்டி வர்ற இந்தத் திருவிழாவுல ரெண்டு வருஷம் பலூன் கயிறு பிடிச்சிருக்கேன். அதனால நீட்டி முழக்கினா பொறுத்துக்குங்க.

அது கார்ன்பிளேக்ஸ் கெல்லாக்கோட ஊர். விமான நிலையத்துக்கும் அவர் பேர்தான். 1981-ல் வெப்பக்காற்று பலூன்களுக்கான உலக சாம்பியன்ஷிப் அங்கே நடந்தது, 1985-ல் மறுபடியும். ஊருக்குப் பலூன் பைத்தியம் பிடிச்சது அப்பதான். இப்போ ஏர் ஷோவோட சேர்த்து 'ஃபீல்டு ஆஃப் ஃப்ளைட்'னு நடத்துறாங்க.

ஆனா அந்த சாம்பியன்ஷிப் பிறந்த கதைதான் எனக்குப் பிடிச்சது. நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் சிட் கட்டர்னு ஒருத்தர். விமானப்படையில் விமானம் ஓட்டினவர், குடும்பத் தொழிலும் விமானம்தான். 1971-ல் அம்மாவோட பிறந்தநாள் விருந்துக்காக ஒரு பலூன் வாங்கினார். நம்ம ஊர்ல அம்மாவுக்குப் புடவை எடுப்போம், அவர் இதை எடுத்திருக்கார்! அடுத்த வருஷம் உள்ளூர் கேஓபி வானொலிக்கு 50 வயசு. அந்தக் கொண்டாட்டத்துக்குப் பலூன் கொண்டுவர முடியுமான்னு கேட்டாங்க. ஒரே இடத்துல அதிகபட்சமா 19 பலூன் கூடினது இங்கிலாந்தில்னு தெரிஞ்சதும் ஆசை பெருத்துடுச்சு. 21 பேர் வர்றதா ஒத்துக்கிட்டாங்க, மோசமான வானிலையால 13 பலூன்தான் பறந்துச்சு. 1972 ஏப்ரல் 8, கொரோனாடோ சென்டர் மாலோட பார்க்கிங். 'ரோட்ரன்னர்' பலூன் முன்னால போக, மத்ததெல்லாம் கார்ட்டூன்ல ரோட்ரன்னர் பறவையைத் துரத்துற கயோட்டி ஓநாய் மாதிரி துரத்தணும், இதுதான் போட்டி. பார்க்க வந்த ஜனம் சுமார் 20,000.

19-ஐ முறியடிக்கலை. ஆனா அடுத்த வருஷமே முதல் உலக சாம்பியன்ஷிப் அங்கேதான் நடந்தது. அப்புறம் இங்கிலாந்து, ஸ்வீடன்னு சுத்திட்டு எங்க பக்கம் வந்து சேர்ந்தது. ஆக, பலூனை இந்த அளவுக்கு இழுத்துட்டு வந்ததே ஒரு விமானக்காரர். ரெண்டும் ஒரே மைதானத்துல நிக்கிறதுல எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஜெட் பறக்கும்போது பலூன் பறக்காது, முழுசாத் தடை. வெயில் தரையைச் சுடுறதுக்கு முன்னால காத்து அடங்கிக் கிடக்கும், பலூன்காரங்க அப்ப கிளம்புவாங்க. அப்புறம் பொழுது சாயும்போதுதான். உச்சி வெயிலில் சூடான காத்து தரையிலிருந்து குபுகுபுன்னு கிளம்பும், பலூனுக்கு அது எமன். அந்த நேரத்துல ஜனம் சும்மா உட்கார்ந்திருக்குமா? விமானம் வருது.

ஒரு வருஷம் மகளைக் கூட்டிட்டுப் போய் மூணு சாயங்காலம் காத்திருந்தேன். மூணு நாளும் காத்து, மூணு நாளும் ரத்து. கடைசி நாள் கூடையை மட்டும் தரையில வெச்சு இருட்டினதும் பர்னரைச் சீற விட்டாங்க. பத்தடி தள்ளி நின்னும் பொரிக்கடை அடுப்பு முன்னால நின்ன மாதிரி முகம் காந்துச்சு. அவளுக்கு அதுவே போதும்னு ஆயிடுச்சு. அன்னைக்கு மத்தியானம் பார்த்த விமானம் ஒண்ணுகூட அவளுக்கு ஞாபகமில்லை.

உடுமலைக்காரன்:
நன்றிங்க சித்தப்பா. இன்னொண்ணு, கிளம்பின இடத்துக்கே திரும்ப வந்துருமா?

கலமசூ சித்தப்பா:
ஆல்புகர்க்கியில் சில காலைகள்ல முடியும். தாழ்வா வீசுற காத்து தெற்கே தள்ளும், மேலே போனா வடக்கே தள்ளும். ஏறி இறங்கியே திரும்பிடலாம், அதை 'பெட்டி'ன்னு சொல்வாங்க. எங்க ஊர்ல அந்தக் கொடுப்பினை இல்லை. காத்து விட்ட இடத்துல இறங்கணும், நாங்க வண்டியில துரத்திட்டே போவோம். பெரும்பாலும் யாரோ ஒருத்தரோட சோளக்காட்டு ஓரமா இருக்கும். முதல்ல வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேட்டுட்டுத்தான் உள்ளே கால் வைப்போம்.